என் பிரேக் கணக்கைத் திரையில் போட்டவர்களுக்கு

நிர்வாகத்துக்கும் மனிதவளத் துறைக்கும்,

இந்த மாதம் 3-ஆம் தேதி இரவு ஷிஃப்டுக்கு வந்து லாகின் செய்துவிட்டு நிமிர்ந்தபோது, நம் கால் சென்டரின் கியூ நிலவரம் காட்டும் பெரிய டிவியில் என் பெயரைப் பார்த்தேன். எத்தனை கால் காத்திருக்கிறது, எத்தனை பேர் லைனில் இருக்கிறார்கள் என்று காட்டும் அதே திரை. அதில் ‘பிரேக் மீறல் – முதல் 10 பேர்’ என்று ஒரு பட்டியல். முதல் பெயர் என்னுடையது. பக்கத்தில் 47 நிமிடம் என்று சிவப்பு எழுத்தில். நூற்று நாற்பது பேர் உட்காரும் தளம் அது. விடிகாலை மூன்றரை மணி வரை என் பெயர் அங்கேயே இருந்தது.

முந்தைய இரவு நான் பாத்ரூமுக்குப் போய்வந்த நேரம் அந்த 47 நிமிடம்.

போன மாதம் 22-ஆம் தேதி உங்கள் மெயில் வந்தது. ஒன்பது மணி நேர ஷிஃப்டில் சாப்பாட்டுக்கு 30 நிமிடம், டீக்கு 15 நிமிடம் இரண்டு தடவை, அது போக பாத்ரூமுக்கு ‘பயோ பிரேக்’ மொத்தம் 10 நிமிடம். மீறினால் அந்த மாத இன்சென்டிவ் கிடையாது. மூன்று தடவை மீறினால் அரை நாள் சம்பளம் பிடித்தம். நான் 24-ஆம் தேதியே என் டாக்டர் கொடுத்த சான்றிதழை அனுப்பினேன், கூடவே பழைய ரிப்போர்ட்டுகளையும். 29-ஆம் தேதி உங்களிடம் இருந்து பதில் வந்தது. இணைத்துள்ள யூரின் ரிப்போர்ட் நார்மலாக இருக்கிறது, அதனால் விலக்கு தர இயலாது என்று இரண்டு வரி.

யூரின் ரிப்போர்ட் நார்மலாக இருந்ததால்தான் என் டாக்டர் இந்த நோயின் பெயரையே எழுதினார். இது உங்களுக்குப் புரிந்திருந்தால் அந்தப் பதிலை எழுதியிருக்க மாட்டீர்கள். அதைப் புரியவைக்க மூன்று மெயில் அனுப்பினேன். ‘பாலிசி எல்லோருக்கும் ஒன்றுதான்’ என்பதே மூன்றுக்கும் பதில். அதனால்தான் இப்போது எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை நான் போடவில்லை. இதே மெயில் பெங்களூருவில் வேறு எத்தனையோ தளங்களில் வேறு பெயர்களில் வந்திருக்கும், அங்கே இருப்பவர்களும் படிக்கட்டும்.

சான்றிதழில் இருக்கும் பெயர் இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ். பிளாடர் பெயின் சிண்ட்ரோம் என்றும் சொல்கிறார்கள். தமிழில் நாள்பட்ட சிறுநீர்ப்பை வலி என்று சொல்லலாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் (ICD-10) N30.1 என்று அதற்கு எண்ணே இருக்கிறது, சான்றிதழிலும் அந்த எண் இருக்கிறது. கிருமி கிடையாது, கல் கிடையாது, கட்டி கிடையாது. சிறுநீர்ப்பை நிரம்ப நிரம்ப வலி ஏறும். போய்விட்டு வந்தால் கொஞ்சம் தணியும். மறுபடி நிரம்பத் தொடங்கியதும் மறுபடி ஏறும். இப்படி ஆறு வாரத்துக்கு மேல் இருந்து, தொற்றோ வேறு காரணமோ இல்லை என்று உறுதியான பிறகுதான் இந்தப் பெயரை எழுதுவார்கள். கல்ச்சர் என்ற சிறுநீர்க் கிருமிப் பரிசோதனையில் கிருமி வளர்ந்திருந்தால் அது வேறு நோய். ஒரு வாரம் மாத்திரை போட்டால் போயிருக்கும்.

இது புதிதாகக் கிளம்பிய நோயும் இல்லை. இந்தப் பெயரை 1887-லேயே வைத்துவிட்டார்கள். சிலருக்குச் சிறுநீர்ப்பைக்குள் தெரியும் ஒரு வகைப் புண்ணைப் பற்றி அமெரிக்காவின் பால்டிமோரில் இருந்த கை ஹன்னர் என்ற டாக்டர் 1915-ல் எழுதினார். இன்றைக்கும் அதை ஹன்னர் புண் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் புண் எல்லோருக்கும் இருக்காது. எனக்கும் இல்லை. உள்ளே கேமரா விட்டுப் பார்த்தாலும் பெரும்பாலோருக்குக் கண்ணில் படுகிற மாதிரி ஒன்றும் இருக்காது. சிறுநீர்ப்பையின் உள்பக்கம் வழவழப்பான ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். சிறுநீரில் இருக்கும் உப்பும் மற்றதும் சதையில் படாமல் அதுதான் காக்கிறது. அந்தப் பூச்சு பழுதாகியிருக்கலாம் என்பது டாக்டர்கள் சொல்லும் ஒரு விளக்கம். அந்த இடத்து நரம்புகள் தேவைக்கு மேல் விழித்துக்கொண்டு, கொஞ்சம் நிரம்பினாலே வலி என்று மூளைக்குச் சொல்கின்றன என்பது இன்னொன்று. எனக்கு என் டாக்டர் சொன்ன உவமை இது: தீப்புண் பட்ட விரலை உப்புத் தண்ணீரில் விட்டால் எப்படி இருக்கும், அந்த விரலை வெளியே எடுக்கவே முடியாவிட்டால் எப்படி இருக்கும், அதுதான்.

எனக்கு இது 2019 ஜூனில் தொடங்கியது. முதல் தடவை உண்மையாகவே தொற்றுதான். கல்ச்சரில் ஈ-கோலை என்ற கிருமி இருந்தது, ஐந்து நாள் மாத்திரை போட்டேன், ரிப்போர்ட் சரியாகிவிட்டது. வலி மட்டும் போகவில்லை. லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டில் இதற்கு ஒரே பெயர்தான், சூடு. அம்மா ராத்திரி வெந்தயம் ஊறவைத்தார், இளநீர் வாங்கிவந்தார், சனிக்கிழமை தவறாமல் தலைக்கு நல்லெண்ணெய் வைத்தார். நான் டாக்டர் மாற்றி டாக்டர் பார்த்தேன். மூன்றரை வருடத்தில் பதினோரு கல்ச்சர். அந்த முதல் ஒன்றைத் தவிர மற்ற பத்திலும் ‘நோ க்ரோத்’, கிருமி வளரவில்லை. அப்படி இருந்தும் ஏழு தடவை ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள். நாள்பட்ட ஆன்டிபயாடிக் இந்த நோய்க்குக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். ஒரு டாக்டர், “கல்யாணம் ஆகிடுச்சா? குழந்தை பிறந்தா சரியாயிடும்மா” என்றார். இன்னொருவர் மனநல மருத்துவருக்குச் சீட்டு எழுதினார். நானும் போனேன். அந்த அம்மாதான் என் பேச்சை முழுசாகக் கேட்டுவிட்டு, “உங்களுக்கு மனசுல ஒண்ணும் இல்லை, வலிதான் இருக்கு, நல்ல யூராலஜிஸ்ட்டைப் பாருங்க” என்று திருப்பி அனுப்பினார்.

அவர் சொன்ன பிறகு பார்த்த யூராலஜிஸ்ட், மருந்து எதுவும் எழுதும் முன்னால் ஒரு வேலை கொடுத்தார். மூன்று நாள், ஒவ்வொரு தடவை போகும்போதும் எத்தனை மில்லி, மணி என்ன, வலி பத்துக்கு எத்தனை என்று எழுதிவரச் சொன்னார். பிளாடர் டைரி என்று பெயர். சிவாஜிநகரில் ஒரு பாத்திரக் கடையில் கோடு போட்ட பிளாஸ்டிக் அளவுக் குவளை வாங்கினேன். துணிப்பையில் சுற்றி, கைப்பைக்குள் வைத்து, நம் ஆபீஸுக்கும் கொண்டுவந்தேன். பாத்ரூமில் கதவைத் தாழ்போட்டு, குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் கோட்டைப் பார்த்து, போனில் தட்டி வைத்துக்கொண்டு, கழுவித் துடைத்துத் திரும்பச் சுற்றி வைப்பேன். வெளியே யாராவது கை கழுவிக்கொண்டிருந்தால் அவர்கள் போகும்வரை காத்திருப்பேன். 110 மில்லி. 80 மில்லி. 70 மில்லி, வலி ஏழு. ஆரோக்கியமான சிறுநீர்ப்பை சாதாரணமாக 300 முதல் 500 மில்லி வரை தாங்கும். பகலில் ஏழெட்டுத் தடவை போவதுதான் வழக்கம். நான் அந்த மூன்று நாளும் 24 மணி நேரத்தில் 26, 29, 24 தடவை போயிருந்தேன். டாக்டர் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இவ்வளவு நாள் எப்படிம்மா வேலைக்குப் போனீங்க?” என்றார். அந்தக் கேள்விக்கு நான் அழுதேன். அதற்கு முன் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பிறகு கேமரா விட்டுப் பார்த்து, மற்ற நோய்கள் இல்லை என்று உறுதி செய்து, 2023 பிப்ரவரியில் பெயர் எழுதினார்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். திரையில் நீங்கள் போட்ட 47 நிமிடத்தின் முழு விவரத்தையும் டீம் லீடரிடம் கேட்டு வாங்கினேன். 7.35-க்கு ஆக்ஸ், அதாவது லைனை விட்டு விலகல், 7.39-க்கு மறுபடி லைனில். 8.20, 8.24. இப்படி 11 தடவை. அந்த இரவு நானும் டைரி எழுதியிருந்தேன், வலி ஏறும் நாட்களில் இப்போதும் எழுதுகிறேன். இரண்டு தாளையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நேரங்கள் அப்படியே பொருந்துகின்றன. ஒரே இரவு, ஒரே உடம்பு, ஒரே பதினோரு வரி. டாக்டர் அதைப் பார்த்து நோய் என்றார், நீங்கள் மீறல் என்றீர்கள்.

இன்னொன்றும் தெரிந்தது. என் இருக்கையில் இருந்து லிஃப்ட் பக்கம் கார்டு தேய்த்துக் கதவைத் திறந்து, அந்தக் கோடியில் இருக்கும் பெண்கள் பாத்ரூமுக்குப் போக ஒரு நிமிடம், வர ஒரு நிமிடம். 11 தடவைக்கு 22 நிமிடம் நடை. 47-இல் ஏறக்குறைய பாதி. என்னைக் கதவுப் பக்கத்து வரிசைக்கு மாற்றுங்கள் என்று போன வருடமே இரண்டு தடவை கேட்டேன். டீம் எல்லாம் ஒரே பகுதியில் இருக்க வேண்டும் என்று பதில் வந்தது. ஒரு நாற்காலியை நகர்த்தியிருந்தால் அந்த 22 நிமிடத்தில் பெரும்பகுதி உங்களுக்குத் திரும்பக் கிடைத்திருக்கும்.

என் டீம் லீடரைக் குறை சொல்ல மாட்டேன். வயதில் சின்னவர், அவருக்கும் மேலே இருந்து நெருக்கடி. “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, அக்கா” என்றார், கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று கன்னடத்தில். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். பஸ்ஸில் இடம் கேட்கும்போதும் மாடி வீட்டுக்காரரோடு தண்ணீரைப் பங்கு போடும்போதும் எத்தனையோ தடவை நானும் சொன்ன வார்த்தை அது. அட்ஜஸ்ட் செய்யாமல் இல்லை. காபியை விட்டேன். நாலரை மணிக்கு அம்மா போடும் ஃபில்டர் காபியின் வாசனை வந்தால் இப்போது மொட்டை மாடிக்குப் போய்விடுகிறேன். புளி, தக்காளி, எலுமிச்சை, பச்சை மிளகாய் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து, எதெல்லாம் என்னைத் தாக்குகிறதோ அதையெல்லாம் விட்டேன். எல்லோருக்கும் எல்லாமும் ஒத்துக்கொள்ளாது என்றில்லை, ஆளுக்கு ஆள் மாறும். எனக்குப் புளிதான் முதல் எதிரி. ரசம் இல்லாத சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டில் யாருமே பழகியிருக்கவில்லை. அம்மா எனக்கென்று தனியாகச் சீரகமும் பாசிப்பருப்பும் போட்டு ஒன்று வைக்கிறார், அதற்கு ரசம் என்றே பெயர் வைத்திருக்கிறார்.

“தண்ணி கம்மியா குடிங்க” என்று உங்கள் மனிதவளத் துறையில் ஒருவர் சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகும், கெட்டியானால் எரிச்சல் இன்னும் அதிகமாகும். “கீகல் எக்ஸர்சைஸ் செய்து அடக்கப் பழகுங்க” என்று இன்னொருவர் யூடியூப் இணைப்பு அனுப்பினார். இடுப்புத் தசையை இறுக்கிப் பழகும் பயிற்சி அது. என்னைப் போலப் பலருக்கு வலியால் இடுப்புத் தசை ஏற்கெனவே இறுகிப் போயிருக்கும். அதைத் தளர்த்தத்தான் பிசியோதெரபி கொடுக்கிறார்கள். மேலும் இறுக்கினால் வலி கூடும். இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிப் பழகும் பயிற்சி ஒன்று இருப்பது உண்மைதான். என் பிசியோதெரபிஸ்ட் அதையும் சொல்லிக் கொடுக்கிறார். வலி அடங்கியிருக்கும் நாட்களில், வாரத்துக்கு ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று. அது சிகிச்சை. சம்பளப் பிடித்தத்துக்குப் பயந்து அடக்குவதை அதோடு சேர்க்காதீர்கள்.

சிகிச்சை என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதற்கு முழுசாகக் குணமாக்கும் மருந்து கிடையாது. இருப்பதைக் கொண்டு தணிக்கிறார்கள். எனக்கு அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரை, சின்ன அளவில். தூக்கம் வரும் என்பதால் படுக்கும்போது போட வேண்டியது. நான் விடிகாலை நாலரைக்கு வீட்டுக்கு வந்து போடுகிறேன். போன வருடம் ஆறு வாரம், வாரம் ஒரு தடவை, குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் மருந்து விட்டார்கள். டி.எம்.எஸ்.ஓ. என்று அதற்குப் பெயர். அதை ஏற்றினால் மூச்சிலும் வியர்வையிலும் பூண்டு வாசனை வரும், ஒரு நாள் போகாது. மதியம் மருந்து, சாயங்காலம் ஷிஃப்ட். பக்கத்து இருக்கைத் தங்கச்சி, “அக்கா, பூண்டு ஊறுகாயா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஆறு வாரமும் ஆமாம் என்றேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சிறுநீர் என்ற வார்த்தையை ஆபீஸில் சொல்லவே கூசியவள் நான். அப்படிப்பட்டவளின் பாத்ரூம் நிமிடங்களை நூற்று நாற்பது பேர் பார்க்கும் திரையில் போட்டீர்கள்.

அந்தப் பட்டியலில் என்னோடு இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு ஏழாவது மாதம். ஒரு அண்ணனுக்குச் சர்க்கரை. இன்னொருவர் வருடக்கணக்கில் புராஸ்டேட் என்று மாத்திரை சாப்பிடுகிறார், சரியாகவே இல்லை. என் நோயைப் பற்றிக் கேள்விப்பட்டு, “எனக்கும் இப்படித்தான் இருக்கு” என்று தனியாக வந்து சொன்னார். இது பெண்களுக்கு அதிகம் வந்தாலும் ஆண்களுக்கும் வரும். பலருக்கு வேறு பெயரில் வைத்தியம் நடந்துகொண்டிருக்கும். பட்டியலில் இல்லாதவர்களும் தப்பவில்லை. புது மெயில் வந்த பிறகு மூன்று பெண்கள் சாயங்காலம் ஐந்து மணியோடு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி நாப்கின் வைத்துக்கொண்டு உட்காருகிறாள். இருபத்து மூன்று வயது.

ஆபீஸ் கேப் வண்டி விஷயமும் இதில்தான் சேரும். வீட்டில் இருந்து ரிங் ரோட்டுக்கு வர, டின் ஃபேக்டரி சந்திப்பைத் தாண்டியாக வேண்டும். சாயங்காலம் ஐந்தரைக்கு அங்கே வண்டி நின்றால் நின்றதுதான். ஒரு நாள் தொங்கு பாலத்துக்கு முன்னால் ஐம்பது நிமிடம் நின்றது. வழியில் நிறுத்தக் கூடாது என்பது டிரைவர்களுக்கு உங்கள் விதி, பெண்களின் பாதுகாப்புக்காக. அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. அன்றைக்கு டிரைவர் அண்ணா கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே பெட்ரோல் பங்கில் ஒதுக்கினார். அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. அந்த மனிதரிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவு தொந்தரவு இருக்கிறவள் வேலைக்கு லாயக்கா என்று நீங்கள் யோசிக்கலாம். உங்களிடமே பதில் இருக்கிறது. 2020 ஏப்ரலில் இருந்து 2022 கோடை வரை நான் வீட்டில் இருந்து வேலை பார்த்தேன். நோய் அப்போதும் இருந்தது, பெயர்தான் இல்லை. பாத்ரூம் பத்தடியில் இருந்தது. தொடர்ந்து மூன்று காலாண்டு டீமில் வாடிக்கையாளர் மதிப்பெண் எனக்குத்தான் முதலிடம். நீங்கள் அனுப்பிய பாராட்டு மெயில்களை எடுத்து வைத்திருக்கிறேன். ஆபீஸுக்குத் திரும்பிய பிறகும் என் ஏ.ஹெச்.டி., அதாவது ஒரு காலுக்கு ஆகும் சராசரி நேரம், டீம் சராசரிக்குக் கீழேதான். மற்றவர்கள் எட்டு நிமிடத்தில் முடிக்கும் போன் காலை நான் ஆறரையில் முடிக்கிறேன், ஏனென்றால் எனக்கு முடித்தாக வேண்டும். புது மெயிலுக்குப் பிறகுதான் தரம் இறங்கியிருக்கிறது. வலியை அடக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, “உங்களுக்கு வேறு ஏதாவது உதவி வேண்டுமா” என்று கேட்கும் குரல் எப்படி இருக்கும் என்று என் கடைசி வாரப் போன் கால்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். ரெக்கார்டிங் உங்களிடம் இருக்கிறது.

நாம் பேசுவது அமெரிக்க வாடிக்கையாளர்களோடு. அந்த நாட்டின் தொழிலிடப் பாதுகாப்புத் துறை, தொழிலாளிக்குத் தேவைப்படும்போது கழிவறைக்குப் போக அனுமதிக்க வேண்டும், நியாயமற்ற தடை போடக் கூடாது என்று 1998-லேயே விளக்கம் கொடுத்திருக்கிறது. என் நோயை எப்படி மதிப்பிட்டு உதவித்தொகை தருவது என்று அவர்களின் சமூகப் பாதுகாப்புத் துறை 2002-ல் தனியாகவே ஒரு விதி வெளியிட்டு, 2015-ல் திருத்தியும் இருக்கிறது. அதுவும் தானாக வந்துவிடவில்லை. விக்கி ராட்னர் என்ற பெண், மருத்துவம் படிக்கும்போதே இந்த வலியில் மாட்டி, டாக்டர் டாக்டராக அலைந்து, எல்லாம் மனசுதான் என்று கேட்டுக் கேட்டு அலுத்து, 1984-ல் நோயாளிகளுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். எழுதி எழுதித்தான் அவர்கள் வாங்கினார்கள்.

நம் நாட்டில் 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. அதில் என் நோய் இல்லை. அதைக் காட்டித்தான் உங்கள் மூன்றாவது மெயில் முடிகிறது. சரி, பட்டியலில் இல்லை. ஆனால் 2025 ஜனவரி 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், நாடு முழுக்க நீதிமன்ற வளாகங்களில் கழிவறை வேண்டும் என்ற வழக்கில், சுத்தமான கழிவறை கிடைப்பது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று சொன்னது. அந்தத் தீர்ப்பு பேசியது நீதிமன்றங்களைப் பற்றி, தனியார் ஆபீஸைப் பற்றி இல்லை என்று உங்கள் சட்டப் பிரிவு சொல்லும். சொல்லட்டும். நான்காவது மாடியில் உட்கார்ந்திருப்பவளின் உடம்புக்கு மட்டும் அந்த உரிமை வேண்டாம் என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான்.

திரையில் இருந்து அந்தப் பட்டியலை எடுங்கள், யாருடைய பாத்ரூம் நேரத்தையும் இனி எந்தத் தளத்திலும் பெயரோடு காட்ட மாட்டோம் என்று எல்லோருக்கும் மெயில் அனுப்புங்கள். முதலில் இது. இன்றைக்கே செய்யக்கூடியது, ஒரு ரூபாய் செலவில்லை.

பயோ பிரேக்குக்குப் போட்ட 10 நிமிடக் கெடுவை ரத்து செய்யுங்கள், எனக்கு மட்டும் அல்ல, எல்லோருக்கும். யாராவது அதைத் தவறாகப் பயன்படுத்துவதாகத் தோன்றினால் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். இந்தக் கெடுவைக் காட்டி இந்த மாதம் பிடித்த சம்பளத்தையும் நிறுத்திய இன்சென்டிவையும் அந்தப் பத்துப் பேருக்கும் திருப்பித் தாருங்கள்.

நாள்பட்ட நோய்க்கு டாக்டர் சான்றிதழ் கொடுத்தால், அதை மருத்துவம் படித்த ஒருவர் பார்த்து முடிவு சொல்லும் ஏற்பாடு வேண்டும். ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்ற ஒரு சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டு மனிதவளத் துறை பதில் எழுதக் கூடாது. சந்தேகம் இருந்தால் என் டாக்டரிடமே கேளுங்கள். என் சம்மதக் கடிதத்தை இந்த மடலோடு தனியாக உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

என் இருக்கையைக் கதவுப் பக்கம் மாற்றுங்கள். வலி கடுமையாக ஏறும் வாரங்களில் வீட்டில் இருந்து வேலை பார்க்க அனுமதி கொடுங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் செய்து காட்டிய வேலைதான் அது. கேப் போகும் வழியில் பாதுகாப்பான இரண்டு பெட்ரோல் பங்குகளை நீங்களே தேர்ந்தெடுத்து, தேவைப்பட்டால் அங்கே நிறுத்தலாம் என்று டிரைவர்களுக்கு எழுத்தில் கொடுங்கள். அந்த டிரைவர் அண்ணாவுக்குப் போன எச்சரிக்கைக் கடிதத்தை ரத்து செய்யுங்கள்.

அடுத்த மாத ரோஸ்டர் 25-ஆம் தேதி வருகிறது. அதற்கு முன்னால் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். என் டைரியின் நகலையும் உங்கள் பிரேக் ரிப்போர்ட்டையும் ஒன்றாகப் பின் அடித்து உங்கள் மேஜையில் வைத்திருக்கிறேன். பதில் எழுதும் முன் இரண்டையும் ஒரு தடவை வரி வரியாகப் படியுங்கள்.

இப்படிக்கு,
நான்காவது மாடி, இரவு ஷிஃப்ட் ஊழியர்